எலுமிச்சம்பழம் இல்லாமல் வாழப்பாடிக்கு

முதலில் கெட்டுப்போனது என் வயிறு இல்லை, பக்கத்து இருக்கைக்காரரின் வயிறு. ஏற்காடு பேருந்து கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது நான். மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நினைக்க முடியாமல் எச்சில் விழுங்குகிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதியதுதான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டையை அலசினேன், அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு பேருந்தில் ஏற முடியவில்லை. ஹோட்டலில் சாப்பிட முடியவில்லை. வீட்டுச் சோற்றையும் மோந்து பார்த்துத்தான் வாயில் வைப்பேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது. இப்போது நாமக்கல்லில் முட்டைக் கிடங்கில் வேலை. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே கெட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அதே மாதிரி நாள் முழுக்க என் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாகப் புரண்டாலே நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். பேன்ட் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம். அதை மோந்தால்தான் குமட்டல் அடங்கும். யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டதாகக் கிடங்கில் பேசிக்கொண்டார்கள். செய்வினை வைக்கும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேனா என்று எனக்குச் சந்தோஷம்தான்.

வயிற்று மருத்துவர் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வயிறு சுத்தம்.

அப்போதுதான் என் மனைவி கோமதி முழுகாமல் இருந்தாள். எல்லோரும் இனிப்பு சாப்பிட்டார்கள். எனக்கு மசக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் புழக்கடைக்கு ஓடினால் நான் தெருவுக்கு ஓடுவேன்.

“ஏனுங்க மாமா, வாந்தி எடுக்கறது நானு. நீங்க எதுக்கு ஓடறீங்க?” என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு காலையில் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்குக் கொழந்த பாலக் கக்குச்சுன்னா, அதையும் போட்டுட்டு ஓடுவீங்களா?”

நான் வாசலைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“மசக்கைக்கே நீங்க இப்புடி ஓடுனா, என்னயக் கொண்டுபோயி எங்கம்மா ஊட்டுல உட்டுருங்க. புள்ள பொறந்தும் அங்கியே இருந்துக்கறேன்.”

அந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். வராந்தாவில் என்னைப் போலவே சட்டையை இஸ்திரி போட்டு வந்தவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“வயித்துல ஒண்ணுமில்ல சக்தி. பயம்தான் நோய்” என்றார் டாக்டரம்மா.

“அப்ப பயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துருங்க டாக்டர்.”

சிரித்துவிட்டு விளக்கினார். இது ஃபோபியா (ஒரே விஷயத்தின் மேல் அளவு மீறி நிற்கும் அச்சம்). ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதற்கு நான் தீனி போடுகிறேன். எக்ஸ்போஷர் சிகிச்சை (பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வைத்துப் பழகுவது) ஆரம்பித்தது. முதலில் ‘வாந்தி’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்தச் சத்தத்தைப் போனில் கேட்க வேண்டும். அப்புறம் கம்பங்கூழில் காய்த்துண்டுகளைப் போட்டு, தரையில் கொட்டி, பக்கத்தில் உட்கார வேண்டும்.

“பயம் ஏறும். ஏறுனது எறங்கும். எறங்கற வரைக்கும் எந்திரிக்காதீங்க.”

நான் வியர்த்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக் கோழி வந்து என் பயத்தை ரசித்துக் கொத்தித் தின்றது. எனக்கே சிரிப்பு வந்தது. பயம் இறங்கியது.

எலுமிச்சம்பழத்தை மட்டும் விட முடியவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம், “அது பாட்டுக்கு இருக்கட்டுங்க” என்பேன். கோமதிக்கு மசக்கையும் நிற்கவில்லை, என் ஓட்டமும் நிற்கவில்லை. அவளும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

வாழப்பாடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு, கிடங்கின் முட்டை வேனிலேயே கூட்டிப்போவதாக டிரைவர் பழனியண்ணன் சொன்னார். வண்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்து புதுப் பெயின்ட்டோடு நின்றது. கற்பூரம் காட்டிவிட்டுப் பார்த்தால், சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்க மறந்திருந்தார். என் பேன்ட் பை புடைத்திருந்தது.

“டேய் மாப்ள, அது என்ன பையில? குடு இங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் பழம் முன்சக்கரத்தின் அடியில் இருந்தது. அடுத்த நொடி நசுங்கிப்போனது. நல்ல சகுனம் என்று அவர் கும்பிட்டார். நான் காலிப் பையைத் தடவிக்கொண்டு ஏறினேன்.

ராசிபுரம் தாண்டியதும் கோமதி என் கையை இறுகப் பிடித்தாள். “மாமா...”

காது அடைத்தது. மோந்து பார்க்கப் பழம் இல்லை, ஓடத் தெரு இல்லை. ஒரு கையால் பாலிதீன் பையை விரித்தேன். மறு கையால் அவள் நெற்றியைத் தாங்கினேன். பயம் ஏறியது. எந்திரிக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் நெற்றி நனைந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி வியர்க்கிறாள் இவள்? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பயம் இறங்கிவிட்டிருந்தது.

“ஏன்டா, முட்டையக்கூட நீ இவ்வளவு பதனமாப் புடிச்சதில்லியே!” என்றார் பழனியண்ணன்.

கோமதி வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஓடலீங்களா?”

“ஓடற வண்டியில இருந்து எங்க ஓடறது புள்ள?”

தோளில் ஓர் அடி விழுந்தது. அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது.

வாழப்பாடியில் நான் துணிப்பையை எடுக்கப் போனபோது தடுத்தாள். “அது வண்டியிலியே கெடக்கட்டும்.” தன் அம்மாவிடம், “ஒரு வாய் சாப்புட்டுட்டு ஊட்டுக்குப் போயர்றமுங்கம்மா” என்றாள்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வரும். இப்போது கை முதலில் நீள்கிறது, பயம் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்கிறது. கடைசியாக எப்போது வாந்தி எடுத்தேன் என்பதை வைத்துத்தான் முன்பெல்லாம் என் காலத்தை அளந்தேன். இப்போது வீட்டில் ஓடுவது கோமதியின் மாதக் கணக்கு.

நேற்று மத்தியானம் பாதிச் சோறு உள்ளே போன பிறகுதான் உறைத்தது, மோந்து பார்க்கவே இல்லை. வயிறு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் பசிக்கிறது என்பதைத் தவிர.