ராசியான மெஷின்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'சமையலம்மா'. அவள் சமைத்ததோ லினக்ஸ். மருத்துவமனையில் நோயாளியின் கைக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற சின்னப் பெட்டி இருக்கிறதே, அதற்குள் ஓடும் மென்பொருளை நூற்றுக்கணக்கான துண்டுகளிலிருந்து கட்டி எடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 'ரெசிபி' உண்டு. எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது, அதற்கு முன்னால் எதையெல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். இதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் 'ஆர்க்கிடெக்ட்' என்று மரியாதையாகக் கூப்பிட்டிருப்பார்கள். பெண் செய்ததால் படித்தவர்களுக்கெல்லாம் அடுப்படிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மூலையில் ஒரு பழைய மெஷின், அதாவது கம்ப்யூட்டர், இருந்தது. எல்லாவற்றையும் அதில்தான் கட்டுவார்கள்.

"ராசியான மெஷின்மா அது. கை வைக்காதே" என்பார் மேனேஜர்.

"சார், மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லாத்தையும் அழிச்சுத் துடைச்சிட்டு முதல்லேருந்து கட்டிப் பாக்கணும். பழசு என்னென்ன உள்ள கெடக்குன்னு யாருக்குமே தெரியல."

"ஓடிட்டுதானே இருக்கு? உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?"

மின்னோட்டத்தை மில்லி கணக்கில் அளக்கத் தெரிந்த மனுஷர் ராசியைப் பற்றி இப்படிக் கூசாமல் பேசுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் தேடச் சோம்பல் வந்தவனுக்கு ராசி ஒரு நல்ல தலையணை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு திரும்புவாள்.

ஒருநாள் அந்த மெஷினில் இடம் நிரம்பி வேலை நின்றது. ஒப்பந்தத்தில் வந்திருந்த மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை, அதனால் எல்லோருக்கும் மீசைக்காரர்.

"மேடம், பழைய குப்பையை எல்லாம் தூக்கிடவா?"

"தூக்கிடுங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் துடைத்தார். மறுபடி கட்டினார்கள். பிழை என்று ஒரு சிவப்பு எழுத்துகூட வரவில்லை. பெட்டிகள் மருத்துவமனைக்குப் போயின.

அங்கே ஒரு பெட்டியில் மருந்து தீர்ந்தது. திரையில் விளக்கு மினுக்கியது, அலாரம் கத்தவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் நோயாளி தப்பித்தார். பெட்டிகள் அத்தனையும் திரும்பி வந்தன.

என்ன நடந்தது என்று அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அலாரம் துண்டு கட்டப்படும்போது ஒலித் துண்டு பக்கத்தில் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் சத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. ஒலித் துண்டை முதலில் கட்டு என்ற வரியை ரெசிபியில் யாரும் எழுதவில்லை. பழைய மெஷினில் என்றைக்கோ கட்டிய ஒலித் துண்டு கிடந்ததால் இத்தனை காலம் ஒப்பேறிவிட்டது. துடைத்த பிறகு அலாரம் முந்திக்கொண்டது, ஒலி பிந்திவிட்டது. சோதனை அறையிலாவது பிடித்திருக்கலாம். அங்கே நாளெல்லாம் கீகீ என்று கத்துகிறதே என்று ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

மேனேஜர் தயாராக வைத்திருந்த அறிக்கையில் இதெல்லாம் இல்லை. 'ஒப்பந்த ஊழியர் அனுமதியின்றி மெஷினை அழித்ததே காரணம்' என்று இருந்தது.

"அனுமதி நான் குடுத்தேன் சார்."

"மெயில்ல போட்டியா?"

"வாயால சொன்னேன்."

"அப்ப சொல்லவே இல்ல. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஒரு பேரு வேணும்மா. உன் பேரையா குடுக்கச் சொல்றே?"

வீட்டில் கணவன் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னான்: "நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி போற? உன்னைத் தூக்கிட்டா அந்த மீசை வந்து நம்ம வீட்டுல உலை வைக்குமா?"

மறுநாள் அலுவலகத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானம் கேட்டில் மீசைக்காரரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. யாரோ எழுதாமல் விட்ட வரிக்கு, கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருந்தவன் தலையை உருட்டிவிட்டார்கள். உருட்டியவர்களின் கூட்டத்தில் அவளும் பேசாமல் நின்றிருக்கிறாள். பழசு எதுவும் இல்லாத ஒரு வெறும் மெஷினை எடுத்துவந்து அலாரத்தைக் கட்டினாள். ஊமையாக வந்தது. அந்த ஒற்றை வரியை எழுதி மறுபடி கட்டினாள். அறையே அதிரக் கத்தியது.

மருத்துவமனைக்காரர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் இரண்டையும் போட்டுக் காட்டினாள்.

"துடைக்கச் சொன்னது நான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. இன்னொரு தடவை கேட்டாலும் துடைக்கத்தான் சொல்வேன்."

மேனேஜர் முகம் செத்துப்போனது. மருத்துவமனைத் தரப்பு அம்மாள் கேட்டார்: "இந்த மாதிரி வரி விட்டுப்போன ரெசிபி இன்னும் எத்தனை இருக்கும்?"

"தெரியாதுங்க. வெறும் மெஷின்ல ஒவ்வொண்ணா கட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் ஒரு பெட்டியும் வேண்டாம்."

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் பாய்ந்தார். "தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியே! இப்ப நீயே உக்காந்து அத்தனையும் கட்டு."

"கட்டுறேன். கூட ஒரு ஆள் வேணும்."

"யாரு?"

"மீசைக்காரர்."

"அந்த ஆளா?"

"அவர்தான். நம்ம ஆபீஸ்ல துடைக்கத் துணிஞ்ச ஒரே ஆளு."

அறிக்கையிலிருந்து மீசைக்காரரின் பெயர் நீங்கியது. வேறு வழியில்லாமல் மேனேஜர் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் வராததுமாக அவள் போன் போட்டாள்.

"அண்ணே, எல்லாம் சொல்லிட்டேன். உங்க பேரை எடுத்துட்டாங்க. நாளைக்கே வாங்க."

மறுமுனையில் பஸ் இரைச்சல்.

"சந்தோஷம் மேடம். ஆனா நான் வரல."

"ஏண்ணே?"

"அன்னிக்குக் கேட்ல என் கார்டைக் கழட்டினப்ப நீங்க மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தீங்க."

அவள் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தேண்ணே."

"ஒரு வார்த்தை, அங்கேருந்தே கத்தியிருந்தாக்கூட போதும்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "சரி விடுங்க. நீங்க போய் வேலையப் பாருங்க மேடம். யாரோ ஒருத்தர் கையில ஊசியோட படுத்திருப்பாங்க."