குறை ஏதுமில்லை

வீட்டில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். ராணுவ வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்க்கும் கூடத்தில் இன்ஜினியர் வேலை கிடைத்ததும், கழற்றுவதற்குச் சம்பளமே தருகிறார்களே என்று அம்மா பூரித்துப்போனாள்.

சேர்ந்து பதினோரு மாதமாகியும் அவள் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. எல்லையிலிருந்து திரும்பிவரும் செட்டை ஏசி அறை மேஜையில் வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும். பேசும். பேசாமல் என்ன செய்யும், அத்தனை சொகுசு! 'குறை ஏதுமில்லை' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கா விழுந்து விழுந்து படித்தோம் என்று வெறுத்துப்போய் வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஒரே செட் மூன்றாம் முறையாக வந்தது. முந்தைய இரண்டு முத்திரைகளின் கீழும் அவள் கையெழுத்துதான். அதன் உறைக்குள் ஒரு சிப்பாய் கிறுக்கிய சீட்டு: 'உங்களிடம் பேசுகிறது. பனியில் பேசவில்லை. அடிபட்டவனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கூப்பிட்டோம்.'

அவள் சீட்டை இரண்டு முறை படித்தாள். புது மாடல்களைச் சோதிக்க மட்டுமே திறக்கும் குளிர்ப்பெட்டிக்குள் செட்டை வைத்தாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. மூன்று மணி நேரம் கழித்துப் போட்டால் அது வாயே திறக்கவில்லை. கழற்றினாள். ஈயம் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல். குளிரில் விலகும், வெதுவெதுப்பில் ஒட்டிக்கொள்ளும். அலமாரியிலிருந்து இன்னும் நான்கை இரண்டிரண்டாக எடுத்து வைத்தாள். மூன்று ஊமையாகின.

பிரிவுத் தலைவர் கொதித்துவிட்டார்.

"இந்த மாசம் இருநூறு செட்டு போயாகணும். யாரைக் கேட்டுக் குளிர்ல வச்சீங்க?"

"அங்க குளிருது சார்."

"பேசாம கையெழுத்துப் போடுங்க. உங்களை நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு வந்தது உண்மைதான். அதற்காகப் பேனாவைத் தொட்டுவிடுவாளா?

"போட மாட்டேன் சார். முன்னாடி போட்ட ரெண்டும் தப்பு. அதையும் எழுதித் தர்றேன்."

எழுதியும் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்தபிறகு அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இருநூறு செட்டும் ஸ்டோரிலேயே நின்றன. அவளுடைய வேலை நிரந்தரமும் ஆறு மாதம் தள்ளிப்போனது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லடி?" என்று போனில் புலம்பினாள் அம்மா.

"பதினோரு மாசமா சும்மாதாம்மா இருந்தேன்."

மறுநாள் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. வரவில்லை, இங்கே வேலை கிடக்கிறது என்று பதில் எழுதிவிட்டு ஸ்டோருக்குப் போனாள்.

"எத்தனை செட்டைம்மா பெட்டியில வைக்கணும்?" என்று ஸ்டோர்காரர் கேட்டார்.

"இருநூறையும்ண்ணே."

"ஒரு தடவைக்கு ரெண்டுதானே புடிக்கும்!"

"புடிக்கட்டும். அதான் ஆறு மாசம் குடுத்திருக்காங்கல்ல, தள்ளுங்க வண்டியை."