கூடவே வாய் திறக்கும் டாக்டரம்மா

நாக்கில் படர்ந்த வெள்ளையைப் புற்றுநோய் என்றே முடிவுகட்டி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், ரசத்தைக்கூட எரிய எரிய விழுங்கிக்கொண்டு பதினைந்து நாள் மலைப் பனிக்குள் அலைந்தவன் நான். பதினாறாம் நாள் அட்டுவம்பட்டி டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். சேலைக்கு மேல் தடித்த ஸ்வெட்டர், காதை மூடிய கம்பளிக் குல்லா.

“ஆ காட்டுங்க” என்று டார்ச் அடித்தவர், தானும் என்னோடு வாயை அகலத் திறந்தார். குச்சியால் சுரண்டியதும் வெள்ளை கொஞ்சம் பெயர்ந்து வந்தது.

“வீசிங்குக்கு இன்ஹேலர் இழுக்குறீங்கள்ல? இழுத்ததும் வாய் கொப்புளிப்பீங்களா?”

“வெள்ளனே எந்திரிச்சு அந்த ஐஸ்தண்ணிய எவன் வாயில வைக்கிறது டாக்டரம்மா? இழுத்துட்டு மறுபடி போர்வைக்குள்ள போயிருவேன்.”

“நல்லாருக்கு! நீங்க போத்திப் படுக்க, பூஞ்சையும் உங்க நாக்குல போத்திப் படுத்திருச்சு.”

“அப்ப கேன்சர்...”

“அதெல்லாம் இல்லீங்க. இந்தச் சொட்டு மருந்த நாலு வேளை வாயில விட்டுச் சுழட்டுங்க. அரைமணி நேரம் காப்பி கூடாது. தண்ணியச் சுட வச்சாவது கொப்புளிங்க. இன்ஹேலர நிறுத்திராதீங்க.”

இரண்டு வாரம் கழித்துப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் மறுபடியும் அவர் வாய் என்னோடு திறந்தது. வெள்ளை போய் நாக்கு சிவந்துவிட்டது என்பதை, அந்த வாய் அப்படியே சிரிப்பாக விரிந்ததில் கண்டேன்.

தானும் வாய் திறப்பது அவருக்குத் தெரியுமா? கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால், அடுத்து வருகிறவருக்குத் திறக்காமல் விட்டுவிடுவாரோ என்று பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.