கேட்டு உட்கார்ந்தவர்

மழைக்காலக் கடல் கொந்தளிப்பால், மலேசியாவின் மெர்சிங்கில் தீவுகளுக்குப் போகும் படகுகள் ஓடாமல் நின்றிருந்தன. படகுத்துறைப் பக்கத்திலிருக்கும் எங்கள் கடைக்கு, ஒல்லியான டச்சுக் கிழவர் ஒருவர் தினமும் சாப்பிட வந்தார். "இங்கே உட்காரலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுத்தான் உட்காருவார்.

"காலி கடையில எதுக்குலா கேக்கறாரு?" என்பாள் மனைவி.

ஒருநாள் சுவரில் மாலையோடு, சீருடையில் இருக்கும் என் தாத்தாவின் படத்தைப் பார்த்தார்.

"ஜப்பான்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில், அவர்கள் துணையோடு இந்திய விடுதலைக்காக அமைந்த படையில் தானாகச் சேர்ந்தவர்" என்றேன்.

"என் அப்பாவும் தானாகத்தான் சேர்ந்தார். எங்கள் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியரின் படையில். பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்."

"அவர் படம்?"

"எங்கே மாட்டுவது?"

மறுநாள் படகு ஓடியது, அவர் வரவில்லை. அந்த மேசையில் யாராவது கேட்காமல் உட்கார்ந்தால், இன்றும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.