ஆத்தாளுக்கு முதல் அடுப்பு

எங்கள் தெருவைக் காத்து நிற்கும் ஆத்தாளின் காலடியில் இந்த எழுத்தை வைத்துத் தொடங்குகிறேன். அம்மா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. நான் மூத்த மகள். எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பூந்தமல்லிக்கு மேற்கே, கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப்புறம் இருந்த எங்கள் நைனாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மண்சுவர், கீற்றுக் கூரை, ஒரே அறை. மனைக்குப் பட்டா கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா யாரையும் லேசில் நம்பாமல் வாழ்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆமாம், அம்மா சந்தேகப்படுகிறவர்தான். மறைக்க விரும்பவில்லை. முறுக்கு கொண்டுவந்த உறவுக்காரரிடமே, "இன்னா விசயம்? சும்மா தர மாட்டியே நீ" என்று கேட்டவர். இதைப் படிக்கும் ஒரு வீட்டார் இப்போது சிரிப்பார்கள். அந்த முறுக்கு உங்களுடையதுதான்.

எண்பதுகளில் ஏரியைச் சுற்றி மனை போட ஆரம்பித்தார்கள். வேலிக்காத்தான் முள்ளை வெட்டிக் கல் நட்டார்கள். அந்த முள்தான் எங்கள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நானும் அம்மாவும் சுள்ளி பொறுக்கப் பட்டாபிராம் பக்கம் தண்டவாள ஓரம் வரை நடந்தோம். ரேஷன் மண்ணெண்ணெய் வந்த செய்தி எங்களை வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். மழை மாதத்தில் ஈர வறட்டியை ஊதி ஊதி அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். அந்தப் புகையில் கைக்குழந்தையாக இருந்த கடைசித் தங்கைக்கு இளைப்பு வந்தது. "இனிமேல் புகை பட்டால் குழந்தை தாங்காது" என்று ஆவடி டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே அறை உள்ள வீட்டில் குழந்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த ஆடி மாதம் புகையில்லா அடுப்புத் திட்டம் என்று ஓர் இளம்பெண் ஒரு கொத்தனாரோடு வந்தார். எல்லோரும் அவரை அடுப்பு டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். கொஞ்சம் விறகிலேயே இரண்டு பானை வேகும், புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும், காசு வேண்டாம் என்றார். கட்டி முடித்ததும் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் ஒரு நம்பர் எழுதுவார்களாம்.

அங்கேதான் வினை வந்தது. கிழக்கே ஓர் ஊரில் அதே மாதிரி சிவப்பு நம்பர் போட்டுவிட்டு, அப்புறம் காலனி கட்ட அந்த வீடுகளை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

"அடுப்புக்கு நம்பர் இன்னாத்துக்குடி? அது இன்னா பஸ்ஸா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. தெருவே கதவைச் சாத்தியது.

அம்மா டீச்சரை வாசலோடு நிறுத்தினார்.

"யாரு அனுப்ச்சாங்க உன்ன?"

"கவர்மெண்ட்தாம்மா."

"ஊட்ட எடுக்கறதும் கவுர்மெண்டுதான்."

"அது வேற ஆபீஸும்மா. நான் அடுப்பு கட்டறவ."

"ஆபீஸ் வேற, சாயம் ஒண்ணுதானே? நம்பர் போடாம கட்டு."

"நம்பர் இல்லன்னா கட்டினதா ஒத்துக்க மாட்டாங்க. என் வேலையே போயிடும்மா."

அவர் போன பிறகு நைனா மெதுவாக, "கட்டிக்கலாம், ஆனது ஆவட்டும்" என்றார். மடியில் குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "ஆனது ஆவட்டும்னா, இத்த தூக்கினு எந்த ரோட்ல போய்க் குந்தறது?" என்று கேட்டார் அம்மா. அன்று முழுவதும் சாமி விளக்கின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டீச்சர் வந்ததும், ஆத்தா கோயிலை ஒட்டிக் கூழ் காய்ச்சும் கொட்டகைக்கு அவரை அழைத்துப் போனார். தெருவே பின்னால் போனது.

"மொதல்ல இங்க கட்டு. மொத நம்பர ஆத்தா செவுத்துல போடு. ஆத்தா எடத்தயே எடுக்கற துணிச்சல் எவனுக்கு கீதுன்னு பாக்கலாம். அதுக்கப்பறம் எங்க ஊடு."

"இன்னாடி இது, சாமியவே ஜாமீன் வெக்கறியா?" என்று பெரியம்மா பதறினார்.

"வேற யாரு கீறாங்க நமக்கு?"

வீடுகளுக்கு மட்டும்தான் திட்டம் என்று டீச்சர் தயங்கினார். "இது அவ ஊடு இல்லையா?" என்றார் அம்மா. கொத்தனார் சிரித்துவிட்டு மண் குழைக்கத் தொடங்கினார்.

அடுப்பு காய்ந்து, கூழ் வார்க்கும் நாளும் வந்தது. அப்போதும் அம்மா நம்பவில்லை. "நீயே பத்த வை. கூழ் கொதிக்கற வரிக்கும் எழுந்துக்காத" என்று டீச்சரை அடுப்பின் முன்னே உட்காரவைத்தார். தாம் தண்ணீர்க் குடத்தோடு, குழாய் கூரையைத் துளைத்த இடத்துக்குக் கீழே நின்றார். கூரை பற்றவில்லை. புகை மேலே போனது. கூழ் இறங்கியதும் டீச்சரின் முகவாயைத் தூக்கி, கண் சிவந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். அதன் பிறகுதான் முதல் சொம்புக் கூழை அவர் கையில் கொடுத்தார்.

ஆடி கழிந்தது. ஆத்தாளின் இடத்தை அளக்க யாரும் வரவில்லை. அதன் பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு கட்டச் சம்மதித்தார். எங்களைப் பார்த்துத் தெருவில் பலரும் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பொங்கலுக்கு அம்மா அடித்த முதல் சுண்ணாம்பிலேயே சுவர் நம்பர் மறைந்துபோனது. தங்கையின் இளைப்பு ஒரே நாளில் விட்டுவிடவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது. இன்று அவள் அம்பத்தூரில் வேலைக்குப் போகிறாள், ஆத்தா புண்ணியம்.

தொண்ணூறுகளில் கேஸ் அடுப்பு வந்தது. அம்மா சிலிண்டரையும் முறைத்துக்கொண்டேதான் இருந்தார். பட்டா கடைசிவரை வரவில்லை. உடம்பு முடியாமல் போனபோது முகப்பேரிலிருந்து என் தம்பி வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். "நான் கெளம்பற நேரம் பாத்து எவனாவது ஊட்ட அளக்க வந்தா?" என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த ஒரே அறையில், எங்கள் கையால் தண்ணீர் குடித்துக் கண்ணை மூடினார்.

மருந்துக்கு ஓடிய மருமகன்களுக்கும், பாடை கட்டிய தெருப்பிள்ளைகளுக்கும், எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுத டீச்சருக்கும் எங்கள் நன்றி.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காரியத்தன்று நாங்கள் அத்தனை பேரும் ஏரிக்கரைக்குக் கிளம்பினோம். வீட்டைப் பூட்டப் போன என்னை அவர் தடுத்து, வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். "பூட்டையெல்லாம் உங்கம்மா நம்பமாட்டா. போற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பா. நான் குந்திகினு கீறேன்னு அவகிட்ட சொல்லி, நல்லபடியா அனுப்பி வெச்சுட்டு வாங்க" என்றார்.

கரையில் பிண்டம் வைத்தபோது அதை அப்படியே அம்மாவிடம் சொன்னோம்.