ஒரே பெட்டிக்கு ஒரு காப்பி போதும்

பிரிண்டரில் இருந்து வந்த தாளின் இரண்டு ஓரத்திலும் துளை போட்ட பட்டை இருக்குமே... அதைக் கிழிக்கிற சத்தம். ‘சர்ர்ர்’ரென்று ஒரே இழுப்பில் வரவேண்டும். லதா சேச்சிக்கு அது அழகாக வரும். நான் இழுத்தால் பாதியில் கோணி, யாருடைய மெயிலோ இரண்டாகிவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி. கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ், எனக்கு முதல் வேலை. பழவங்காடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். எனக்கென்று ஒரு ஈமெயில் விலாசம் கிடைத்த அன்று வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

விலாசம்தான் ஆளுக்கு ஒன்று. பின்னால் இருந்த பெட்டி மொத்த ஆபீசுக்கும் ஒன்றே ஒன்று! நெட் உள்ள கம்ப்யூட்டரும் ஒன்றுதான், அது ரிசப்ஷனில் லதா சேச்சியின் மேஜையில். காலையும் மாலையும் சேச்சி போன் லைனில் டயல் செய்து நெட்டைப் பிடித்து, வந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து, அவரவர் ட்ரேயில் போடுவார்.

கிளையண்ட் ஆறு பேருக்கு ஒரு மெயில் அனுப்பினால், சர்வர் அதே மெயிலை ஆறு காப்பியாக அந்த ஒரே பெட்டியில் போடும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒருத்தர் விலாசம். ஆறு பிரிண்ட், ஆறு ட்ரே... எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மேனேஜருக்குத் தெரிந்தது. போன் பில்லைப் பார்த்துவிட்டு, “ஒரே மெயில் ஆறு தடவை இறங்கணுமா?” என்று மெயில் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர்களும் சர்வரில் எதையோ மாற்றினார்கள். அதன்பிறகு ஒரு மெயில் எங்களில் எத்தனை பேருக்கு வந்தாலும், முதல் விலாசத்துக்கு ஒரு காப்பி. எல்லாம் ஒரே பெட்டிதானே என்று மிச்சத்தைத் தள்ளிவிடும். மெயிலில் மற்றவர்கள் பெயரும் இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள் என்று சேச்சிக்கு உத்தரவு. அவரும் அப்படியே செய்தார்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பாறசாலைக்காரி. நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே ப்ராஜெக்ட், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எங்கள் கிளையண்ட் லண்டனில். ஒருத்தரை ஒரு வருஷத்துக்கு அங்கே கூப்பிடப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. எனக்கு ஆசை. அவளுக்கு வெறி. வீட்டில் கல்யாணப் பேச்சைத் தொடங்கியிருந்தார்கள், லண்டன் கிடைத்தால் தப்பித்தேன் என்பாள்.

ஒரு புதன்கிழமை என் ட்ரேயில் அந்த மெயில் கிடந்தது. உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன், இடம் ஒன்றுதான், விருப்பம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள் என்று. தலையில் என் விலாசம் மட்டும்தான், இன்னொருவர் யார் என்று இல்லை, பெயர்களை மறைத்து அனுப்பியிருந்தார். பெயர் வேறு வேண்டுமா! அந்த வேலையைச் செய்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று சாயங்காலமே பதிலை ஃப்ளாப்பியில் போட்டு சேச்சியிடம் கொடுத்தேன். ஸ்டெல்லா வாயைத் திறக்கவில்லை. அவளும் எழுதியிருப்பாள், போட்டி என்று வந்தபின் என்ன பேசுவது என்று நானும் அமுக்கமாக இருந்துவிட்டேன்.

வெள்ளி மதியம். அவள் டிபன் பாக்ஸில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அப்படியே இருந்தது.

“ஏட்டி, அந்த லண்டன்காரன் ஒண்ணும் எழுதல்லியே... ட்ரேயைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாறாங்க. நான் அப்பாட்ட என்னத்தச் சொல்ல?”

நான் என் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

மறைத்த பெயர்கள், ஒரே பெட்டி... அவளுடைய காப்பியை சர்வர் தள்ளிவிட்டிருக்கிறது! சாயங்காலம் வரை நான் சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும்தானே லண்டன் வேண்டும்? அப்படி நினைக்கவே இல்லை என்றால் அது பொய். கை கழுவப் போனவள் பைப்பைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

திரும்பி வந்து, பையிலிருந்து அந்த பிரிண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இது உனக்கு எப்பம் கிட்டிச்சு?”

“புதன்கிழமை. உனக்கும் கிட்டியிருக்கும்னு நெனச்சேன்.”

இரண்டு பேரும் ரிசப்ஷனுக்கு ஓடினோம். லதா சேச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ மோளே, இப்போ ஒண்ணுதானே வருது! அதில உன் பேரு மட்டும்தான், வேற பேரு கண்டில்லல்லோ...”

ஸ்டெல்லா பதில் எழுதினாள். இங்கிலீஷை நான் திருத்திக் கொடுத்தேன். ஆமாம், நானேதான்! மேனேஜர் முணுமுணுக்க முணுமுணுக்க, சேச்சி அன்றைக்கு இன்னொரு தடவை டயல் செய்தார்.

மெயில் போனது. இரண்டு மாதத்தில் ஸ்டெல்லாவும் போனாள்.

ஏர்போர்ட்டில் இரண்டு பேரும் அழுதோம். என் அழுகையில் பொறாமையும் கொஞ்சம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றும் நான் கழக்கூட்டத்தில்தான், ஆபீஸ் மட்டும் வேறு. ஒரே மெயில் மூன்று குரூப் வழியாக எனக்கு வந்தாலும், சர்வர் ஆளைப் புரிந்துகொண்டு ஒன்றை மட்டும் தருகிறது. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு போன். பக்கத்து நாற்காலியில் “கிட்டிச்சா?” என்று கேட்பார் யாரும் இல்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை, நல்லதுதான்.

ஸ்டெல்லா அங்கேயே தங்கிவிட்டாள். போன மாதம் வீடியோ காலில், “நீ மட்டும் அன்னைக்கு அந்தப் பேப்பரைத் தரல்லேன்னா...” என்று தொடங்கினாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்தக் காலமாக இருந்தால் அந்த மெயில் நேரே அவள் கைக்குப் போயிருக்கும். அவள் எப்படியும் லண்டன் போயிருப்பாள், நான் எப்படியும் இங்கேயேதான் இருந்திருப்பேன். ஆனால் அவளுக்கு என் கையால் ஒன்றைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ள, எனக்கு எதுவும் இருந்திருக்காது.