தமயந்தி வாசிக்காத செய்தி

திருத்தணியில் தமயந்தியைத் தெரியாதவர்கள் குறைவு. உள்ளூர் கேபிளில் ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள், பிறகு சென்னையில் ஒரு தொலைக்காட்சிக்குச் செய்தி வாசிக்கப் போனாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மின்சார ரயிலில் போய் வந்தாள். சுனாமியை வாசித்தாள். கொரோனாக் காலத்தில், எதிரே ஆளில்லாத அறையில் உட்கார்ந்து சாவுக் கணக்கை வாசித்தாள். மழைச் செய்தி என்றால் மட்டும் கையில் தந்ததை அப்படியே நம்பமாட்டாள். பள்ளிப்பட்டில் இருக்கும் அக்கா பத்மாவுக்குப் போன் போட்டு, ஆற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் காமிரா முன் உட்காருவாள்.

போன வருடம் நிலையத்தில் அவளைப் பச்சைத் திரைக்கு முன் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள், முகத்தைத் திருப்பச் சொன்னார்கள், பக்கம் பக்கமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறகு, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். கூப்பிடவே இல்லை. ஆனாலும், கம்ப்யூட்டரில் செய்த உருவமாகச் செய்தியில் தினமும் அவள் வந்தாள். வாங்காத புடவை கட்டி, கண்டிராத அறையில் இருந்து வாசித்தாள். மார்க்கெட்டில் பார்த்தவர்கள் காலைச் செய்தி நன்றாயிருந்தது என்றார்கள். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டப் பழகிக்கொண்டாள். வீட்டில் அந்தக் குரல் கேட்டால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

கார்த்திகை மழையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம், ஆந்திரப் பக்கம் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. அக்கா வீட்டு டீவியிலோ தமயந்தி சிரித்த முகமாக, பள்ளிப்பட்டுத் தரைப்பாலத்தில் போக்குவரத்து வழக்கம்போல் நடக்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுதியது. மாற்ற ஆளில்லாமல் அரை மணிக்கொருமுறை ஓடிக்கொண்டிருந்தது. தமயந்தி நிலையத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் ஆற்றுக்கு ஓடினாள்.

செம்மண் நிறத்தில் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. கரையில் ஏழெட்டு வண்டிகள். முன்னால் நின்றவன் ராஜீவ், அம்மையார்குப்பத்துத் தறிக்காரன். பைக்கில் சேலைக்கட்டு இருந்தது. போகாதே என்று அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் செல்போனைத் திருப்பிக் காட்டினான்.

"இன்னாங்க, இப்பதான நீங்களே சொன்னீங்க, பாலத்துல போலாம்னு?"

"அது நான் இல்லப்பா. நான் இங்க நின்னுகினு இருக்கேன் பாரு."

அவன் திரையைப் பார்த்தான், நனைந்து ஒட்டிய தலையோடு நின்றவளைப் பார்த்தான். தமயந்தி நிமிர்ந்து நின்று, இத்தனை வருடம் வாசித்த அதே குரலில், அணையைத் திறந்துவிட்டார்கள், யாரும் பாலத்தில் இறங்க வேண்டாம் என்று உரக்கச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். ராஜீவ் மட்டும், ரெண்டே நிமிஷம்தானேங்க என்று சொல்லி வண்டியை விட்டான். பாதிப் பாலம் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது.

மறுநாள் பைக் கிடைத்தது. ராஜீவ் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் அம்மா எல்லம்மாள் திருத்தணிக்குத் தேடி வந்தாள். அழவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, யாரோ அனுப்பிய அந்தச் செய்தி வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

"நீ சொல்லித்தானம்மா எம்புள்ள போனான்?"

அதை வாசித்தது தான் அல்ல என்று தமயந்தி சொன்னாள். எல்லம்மாள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீடியோவை மறுபடியும் போட்டாள்.